முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்

அக்காவின் மாறுதல் உத்தரவை முதலில் பார்த்தவள் நான்தான். தபால் பிரிவில் உட்கார்ந்திருப்பதில் இருக்கும் ஒரே சுகம் அது. யாருக்கு மெமோ, யாருக்கு மாறுதல், யாருடைய லீவு தள்ளுபடி என்பதெல்லாம் மேனேஜருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். உறையைப் பிரித்து, எண் போட்டு, முத்திரை குத்தி மேலே அனுப்ப வேண்டியது என் வேலை. அன்றைக்கு எண்ணும் போடவில்லை, முத்திரையும் குத்தவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடி, மூச்சு வாங்க அவள் மேசை மேல் காகிதத்தைப் போட்டேன்.

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். சொந்த ஊர். வீட்டுக்காரரும் மகளும் இருக்கிற ஊர். வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டு, 'பரிசீலிக்கப்படும்' என்ற ஒரே பதிலை வாங்கி வாங்கி, இனி நடக்காது என்று அவளே கைவிட்டிருந்த சமயம். முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டாள். மகள் அப்போதுதான் பள்ளியில் கடைசி வருஷத்துக்கு வந்திருந்தாள்.

“பாப்பா, அம்மா வந்துடறேன். இந்த வருஷம் முழுக்க உன்கூடத்தான் இருப்பேன்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். பதவி உயர்வு கேட்கவில்லை, சம்பள உயர்வு கேட்கவில்லை. பள்ளி முடிந்தால் பெண் மேற்படிப்புக்கு வெளியூர் விடுதிக்குப் போய்விடுவாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வருஷம் ஒரே வீட்டில் அவளோடு இருக்க வேண்டும். எத்தனையோ அம்மாக்களுக்குக் கேட்காமலே கிடைப்பதுதான், இவள் அதற்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

எங்கள் ஆபீஸ் அரசாங்கத்துக்குச் சொந்தமான இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வட்டாரக் கிளை. நான் குமாஸ்தா, அக்கா ஆபீசர்; கூடப் பிறந்தவள் இல்லை, நான் கூப்பிட்டுப் பழகிய அக்கா. வெளியூரில் தனியாகக் கிடக்கும் இரண்டு பெண்களுக்குள் அந்த வித்தியாசமெல்லாம் எத்தனை நாள் நிற்கும்? இரண்டு அறை, ஒரு சமையலறை, கயிற்றைக் கட்டி இழுத்தால்தான் தாழ் விழுகிற குளியலறை, இதைப் பங்கு போட்டு வாடகைக்கு இருந்தோம். நான் புருஷன் வேண்டாம் என்று கிளம்பி வந்தவள். அவள் புருஷன் பக்கத்தில் இல்லையே என்று ஏங்குகிறவள். அதைச் சொல்லியே ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, வாடிக்கைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வர முடியாது. பெண் சின்ன வகுப்பில் படிக்கும்போது அக்காவை இங்கே மாற்றினார்கள். ஒரு தடவை குழந்தையைக் கூடவே கொண்டுவந்து பார்த்தாள். புதுப் பள்ளிக்கூட வாசலில் அது தினமும் அழுது, மூச்சு இழுக்க ஆரம்பித்து, டாக்டரிடம் ஓடி, போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய், துணி துவைத்து, தலை வாரிவிட்டு, மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறி வருவாள். இதைத்தான் அவள் குடும்பம் நடத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனியில் ஒருவருக்குரிய வேலையைச் சீட் என்போம். அக்காவுடையது பழைய பாலிசி சீட். அதனாலேயே அவளைப் 'பழசு மேடம்' என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அரசாங்கம் சின்னச் சின்னத் தனியார் கம்பெனிகளை எடுத்து ஒன்றாக்கியபோது, அவர்கள் விற்றிருந்த பாலிசிகளும் கூடவே வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. ஒன்றில் மனைவிக்கு மட்டும் பணம், இன்னொன்றில் அம்மாவுக்கும் பங்கு. ஒன்றில் தவணை நின்றால் பாலிசி போச்சு, இன்னொன்றில் பாதி செல்லும். அந்தப் பாலிசிக்காரர்கள் இப்போதுதான் வயதாகி ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். பிள்ளைகள் மக்கிப்போன காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். எந்தக் காகிதத்துக்கு எந்த விதி என்று பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவள் வேலை. இந்தச் சீட் அவளுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவில் போயிருந்த வாரத்தில் சீட் பிரித்தார்கள், யாருமே சீந்தாத சீட்டை இல்லாதவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

யாரும் சீந்தாததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்னால் அதில் இருந்தவரை மீசைக்காரர் என்போம். யாரோ ஒருவருடைய பாலிசிப் பணத்தை மூத்த மகனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனி விதிப்படி மகளுக்கும் பங்கு இருந்திருக்கிறது. தணிக்கையில் மாட்டியது. அந்த விதி எனக்குத் தெரியாது என்று மனுஷன் உண்மையைச் சொன்னார். விசாரணை அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாராம். எல்லாச் சுற்றறிக்கைகளையும் படித்துப் புரிந்துகொண்டேன் என்று எங்கள் ஆபீசர்கள் அப்போதெல்லாம் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதில் மீசைக்காரரின் கையெழுத்தும் இருந்தது. புரிந்துகொண்டவர் செய்த தப்பு தெரியாமல் செய்ததாக எப்படி இருக்கும், வேண்டுமென்றே செய்தது என்று முடித்துவிட்டார்கள். ஓய்வூதியம் நின்றது. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். அன்றைக்கு எங்கள் கட்டடம் முழுக்க ஒரு பாடம் கற்றுக்கொண்டது. தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வாய், தெரியாது என்றால் எச்சரிக்கையோடு தப்பிக்கலாம். இந்த ஒரு விஷயத்தை யாருக்கும் யாரும் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் நேற்று சேர்ந்த ஆளுக்கும் அது மனப்பாடம்.

இப்படிப்பட்ட ஆபீசுக்குத்தான் அறிவு மேலாண்மை வந்து சேர்ந்தது.

காரணம் நியாயமானதுதான், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய ஆட்கள் ஓய்வு பெறும்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது, அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தடவ வேண்டியிருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது. உடனே வெளியிலிருந்து நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதற்கு ஓர் அதிகாரியைப் போட்டார்கள், அவருக்கு நாங்கள் 'அறிவு சார்' என்று பெயர் வைத்தோம். மாடிப்படிக்குப் பக்கத்தில் 'அறிவே நம் முதலீடு' என்று துணி கட்டினார்கள். பிறகு விதி வந்தது. மாறுதலில் போகிறவர் தன் சீட்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி ஏற்ற வேண்டும். அடுத்து வருகிற ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 'இந்த இருக்கைக்குரிய அறிவை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அது ஆகாமல் யாரையும் விடுவிக்கக் கூடாது.

அக்காவின் உத்தரவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்த விதி அது. அவளுக்கு அப்போது அது ஒரு தடையாகவே படவில்லை, சந்தோஷமாக எழுத உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையல் என் பொறுப்பு, அவள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவாள். எந்தக் கம்பெனி, என்ன விதி, எங்கே சறுக்கும், மீசைக்காரர் எங்கே சறுக்கினார், எல்லாம் எழுதினாள். சாதாரண பாஷையில், ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுதினாள். எனக்கே படித்தால் புரிந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறாயே, சம்பளத்தில் ஏதாவது கூட்டப்போகிறார்களா என்று நான் கேட்டால், சீக்கிரம் எழுதினால் சீக்கிரம் போகலாம் என்பாள். பாப்பாவுக்கு என்னென்ன சமைத்துப் போடுவது என்று நடுநடுவே பேச்சு ஓடும்.

முதலில் கற்றுக்கொள்ள வந்தவர் வாகன விபத்துப் பிரிவிலிருந்து ஒருவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்று வாயாரப் பாராட்டினார். கேள்வி கேட்டார். எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினார். கையெழுத்து என்றதும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர் சான்றிதழோடு ஒரு மாசம் லீவு போட்டு, திரும்பி வந்ததும் தன் பழைய பிரிவிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து வந்தவர் பிடி கொடுக்காமலே பேசிப் பேசி நாளை ஓட்டினார். இன்னும் கொஞ்சம் பார்க்கணும், இன்னும் கொஞ்சம் பார்க்கணும் என்று இழுத்தடித்து, எந்தக் கடவுளைப் பிடித்தாரோ, வேறு கிளைக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார். அவர் விடுபடும்போது அவர் சீட்டுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்றாவதாக வந்தவன் புதுசாக வேலையில் சேர்ந்த ஆபீசர். படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவன், அதனால் கோல்டு மெடல் என்போம். உண்மையைச் சொல்ல வேண்டும், பையன் சூட்டிகை. அக்கா எழுதியதை ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டான். கொஞ்ச நாளில் கோப்புகளையெல்லாம் அவனே பார்த்தான், அவனே முடிவு எழுதினான், அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்து மட்டும் போட்டாள். திருத்துவதற்கு எதுவும் இருக்காது. மற்ற கிளைகளிலிருந்து சந்தேகம் கேட்டு வரும் போன்கூட அவனுக்கே போனது. அக்கா வேலையே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பார்களாம், பெற்ற பிள்ளையைப் போய்ப் பார் என்று மட்டும் விட மாட்டார்களாம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நான்தான் ஆரம்பித்தேன். தம்பி, எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் இப்படி ஒரு பெண்ணை வாட்டுகிறாய் என்று நேராகவே கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினான்.

“மேடம், வேலை பூரா நான்தான் பண்றேன். நாளைக்கும் பண்றேன். தெரியும்னு எழுதிக் குடுக்க மட்டும் சொல்லாதீங்க.”

“தெரியாமத்தான் இத்தனையும் எழுதினியா தம்பி?” அக்கா கேட்டாள்.

“செய்யறது வேற மேடம், தெரியும்னு கையெழுத்துப் போடறது வேற. முழுமையாங்கிறாங்க. நாளைக்கு நீங்க எழுதாத ஒண்ணு வந்துச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. அப்பா படுக்கையில இருக்காரு. சம்பாதிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.”

எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி, அவன் சொன்னது சரியாக இருந்ததால் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லித் திட்ட முடியாமல் சாப்பாட்டு டப்பாவைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று மேனேஜரிடம் ஒரு தடவை போய்ச் சொல்லியும் பார்த்தேன். குமாஸ்தா கையெழுத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார். 'முழுமையாக' என்ற வார்த்தையையாவது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அதற்குத் தலைமை அலுவலகத்தில் கமிட்டி கூட வேண்டுமாம். ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். எந்தக் காகிதமும் தன் மேசையில் சூடாகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

இதற்குள் பள்ளிக்கூட வருஷம் பாதி போய்விட்டது. உத்தரவு வந்த புதிதில், அம்மா வருகிறாள் என்று பாப்பா தன் அலமாரியில் இரண்டு தட்டைக் காலி பண்ணி வைத்திருந்தாள். அக்கா ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வாள். அப்புறம் ஒரு தடவை போய் வந்தவள் மேல் தட்டில் பாடப் புத்தகம் அடுக்கியிருக்கிறது என்றாள். அடுத்த தடவை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்த பெண் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். சாப்பிட்டியா என்றால் ம், படிச்சியா என்றால் ம். அப்பா பேசறாராம் என்று போனைக் கைமாற்றிவிடுவாள்.

அந்தச் சமயம் பார்த்து அறிவு சார் எங்கள் கிளைக்கு வந்தார். நாடு முழுக்க ஏற்றியதிலேயே சிறந்த அறிவுக் கோப்பு அக்காவுடையதாம். சால்வை, கேடயம், போட்டோ. பயிற்சி அறையில் நாற்காலி போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார்கள். அறிவை எப்படி அடுத்தவருக்குக் கொடுப்பது என்று அக்கா நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் அறிவு சார். அக்கா மைக்கைக் கையில் வாங்கினாள். அவள் நன்றி சொல்லிவிட்டு உட்காருவாள் என்றுதான் நான்கூட நினைத்தேன்.

“சார், குடுக்கறது கஷ்டமில்ல. வாங்கினேன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல,” என்றாள். “எனக்கு இந்தக் கேடயம் வேண்டாம். என் பொண்ணுக்கு இன்னும் மூணு மாசத்துல பரீட்சை. என்னை விட்டுடுங்க சார்.”

கோல்டு மெடல் தலையைக் குனிந்துகொண்டான். அறிவு சார் கெட்டவர் இல்லை, அவர் முகமும் வாடித்தான் போனது. தனியாக வாருங்கள் என்று கூட்டிப்போய்ப் பத்து நிமிஷம் பேசினார். நிலைமை புரிகிறது, ஆனால் விதியை எழுதியவரே அதை மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள், கையெழுத்து வந்த அன்றே விடுவித்துவிடச் சொல்கிறேன் என்றாராம். அந்தக் கையெழுத்தைத்தானே அக்கா இத்தனை மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்? கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் போட்டாள். அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை.

பிறகு சொந்த ஊர்க் கிளையிலிருந்து கடிதம் வந்தது. அதையும் முதலில் பார்த்தவள் நான்தான். மாசக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனால் லிஃப்டில் புது ஆள். பழைய லிஃப்ட்காரர் எங்கே என்றேன். மாறுதல் வந்து போய்விட்டாராம். எப்போது வந்தது என்று கேட்டால், போன வாரம் நான் லீவில் இருந்தபோதுதானாம். அவருக்கு மட்டும் எப்படி என்று அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அது ஒண்ணுமில்லம்மா,” என்றார் அவர். “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தேன். விட்டுட்டாங்க.”

விதியின் பின்பக்கத்தில் அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. ஒப்படைக்கத்தக்க அறிவு எதுவும் இல்லை என்று சீட்டில் இருப்பவரே எழுதிக் கொடுத்தால், வாங்கிக்கொள்ள யாரும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். காவலாளிக்கும் லிஃப்ட்காரருக்கும் என்று போட்டது. ஆபீசர் எழுதக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. எந்த ஆபீசர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தானே எழுதிக் கொடுப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அபூர்வம். இத்தனை வருஷம் நான் குப்பை கொட்டினதுக்கு அதுதான் பேரா என்றாள். ஒரு வாரிசுப் பணமாவது தப்பான கைக்குப் போயிருக்கா என்றாள். சரி விடு என்று நானும் எழுந்துவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, அந்த வாசகம் என்ன, இன்னொரு தடவை சொல்லு என்றாள்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். மனுஷன் பதறிப்போய்விட்டார். இது உன் பணிப் பதிவேட்டில் ஏறும்மா, இனிமேல் பதவி உயர்வு என்ற பேச்சே இருக்காது, ஒன்றும் தெரியாதவள் என்று சாகும்வரை உன் பேரில் இருக்கும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அறிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தால், ஏற்றிவைத்த அறிவுக் கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரே ஆள் பேரில் இரண்டும் இருக்க முடியாது. நம் நாட்டின் சிறந்த கோப்பாயிற்றே அது என்று அவரே மென்று முழுங்கினார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். எடுத்துடுங்க சார் என்றாள். கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டார்கள். உறுதியாக நீக்க வேண்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது, அவர் பட்டனைத் தட்டினார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்து எழுதிய அத்தனை சாயங்காலமும் போயிற்று. இப்போது அந்த இடத்தைத் திறந்தால், இந்த இருக்கைக்கு அறிவு எதுவும் பதிவாகவில்லை என்று வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த நாளே கோல்டு மெடல் அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான், அதுவும் நிம்மதியாக. சீட்டுக்கே அறிவு கிடையாது என்று ஆபீசே ஒப்புக்கொண்ட பிறகு அவனை யார் என்ன கேட்க முடியும்? தப்பு நடந்தால் எச்சரிக்கையோடு போய்விடும். அக்கா எழுதியதை அவன் முன்னாலேயே பிரதி எடுத்து வீட்டில் வைத்திருக்கிறான். தினமும் காலையில் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினபோது பாப்பாவுக்குப் பரீட்சை தொடங்கிவிட்டிருந்தது. கேடயத்தை நீயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டாள். பஸ் நிலையத்தில் அவள் முகத்தில் அந்த உத்தரவு வந்த நாளின் சிரிப்பு கொஞ்சம் இருந்தது. வருஷம் போனால் என்ன, ரெண்டு மாசமாவது கிடைச்சுதே என்றாள். நான்தான் வழி நெடுக ஆபீசைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் என்னை அதட்டி, வீட்டு வாடகையைத் தனியாகக் கொடுக்க முடியுமா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார் என்று அறிவுரை சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. நான் ஊர்க்கதை பேசத் தயாராக இருந்தேன். எப்படி இருக்கா பாப்பா, அம்மாவை விட மாட்டேங்கிறாளா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“முதல் நாள் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக் குடுத்தேன். 'நான் பால் குடிக்கிறதை விட்டு மூணு வருஷமாச்சும்மா'ன்னா. கோபமா எல்லாம் சொல்லல. ரொம்ப மரியாதையாச் சொன்னா, விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி.”

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“படிக்கும்போது பக்கத்துல உட்காரணுமா, எழுந்து போயிடணுமா, தெரியல. தூங்கறப்போ லைட் எரியணுமா, அணைக்கணுமா, தெரியல. பரீட்சை சரியா எழுதலன்னா அழுவாளா, பேசாம இருப்பாளா, அதுவும் தெரியல. அங்க நான் எழுதிக் குடுத்தது பொய்னு நினைச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“நாத்தனார்தான் எல்லாம் சொல்லித் தராங்க. ஒண்ணுகூட ஒளிக்கல, பாவம்,” என்றாள் அக்கா. “தினமும் அவங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிறேன். ஆனா கேட்டு முடிக்கறதுக்குள்ள பாப்பா விடுதிக்குக் கிளம்பிடுவா.”